கறுத்த திரைக்குள்ளிருந்து கேட்ட குரல்

கிளம்பாத கம்ப்யூட்டரிலிருந்து என் மகளின் குரல் எப்படி வந்தது? குழந்தை இயேசுவின் அன்பர்களே, நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஜெனிக்கு மூன்று வயது. போன வருடம் வலிப்பு வந்தது. அதோடு 'ம்மா' என்ற ஒரே பேச்சும் நின்றது. வலிப்பு வரும்போதெல்லாம் வீடியோ எடுக்கும்படியும், பார்த்துத்தான் மருந்தை மாற்ற முடியும் என்றும் டாக்டர் சொன்னார். அழுதுகொண்டே எடுத்தேன். போனில் இடமில்லாமல் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். வேறு பிரதி வைக்கவில்லை.

நான் பீன்யா தொழிற்பேட்டையில் மின்னணு போர்டுகளைச் சோதிப்பவள். அவற்றுக்குத் திரை கிடையாது. செய்திகள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கன்சோல் செட்டிங்கில் ஒரு வரி எழுதினால், அடுத்த முறை கிளம்பியதிலிருந்து அவை சொல்வதெல்லாம் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். ஒரு திங்கட்கிழமை, கைப்பழக்கத்தில் அந்த வரியை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் எழுதிவிட்டு மறந்துபோனேன். புதன்கிழமை கரண்ட் போய் வந்தது. அதன்பின் திரையில் எதுவுமே வரவில்லை. விசிறி மட்டும் சுற்றியது. கரண்டில் அடிபட்டுச் செத்துவிட்டது என்றே நினைத்தோம். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வியாழன் காலை விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் நவநாள் ஜெபம். வாராவாரம் விண்ணப்பச் சீட்டில் 'ஜெனி பேச வேண்டும்' என்று எழுதுவேன். அன்று 'கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும்' என்று எழுதினேன். பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. பிள்ளையின் இடத்தில் ஒரு மெஷினை எழுதிவிட்டேனே!

மத்தியானம் என் கணவர் கம்ப்யூட்டரைத் தூக்க வந்தார்.

"சிவாஜிநகர் கடைக்காரன் ஃபார்மேட் பண்ணா ஓடும்ங்கறான்."

"அப்ப வீடியோ எல்லாம் அழிஞ்சிடுங்க!"

"இப்ப மட்டும் என்ன, பாத்துட்டா இருக்க? டாக்டர்கிட்ட வாயால சொல்லு."

"அவளுக்கு வலிப்பு வந்தாலே எனக்குக் கண்ணு இருட்டிடுது. என்னத்த சொல்றது?"

அவர் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். ஜெனி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் மெல்லக் கரகரத்தது.

"அம்மா, நான் இங்க இருக்கேன்."

ஜெனியின் குரல், பழைய 'ம்மா'வின் அதே குரல். ஆனால் அவள் மூச்சு என் கழுத்தில் சீராக விழுந்துகொண்டிருந்தது. உதடு அசையவில்லை.

"கீழ்வீட்டு டிவிதான்டீ. ஏன் இப்படி வெளுத்துப்போற?"

"பிளக்கைத் தொடாதீங்க."

இங்கே இருக்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் செத்துவிடவில்லை. வேறெங்கோ பேசிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் திங்கட்கிழமை எழுதிய வரி நினைவுக்கு வந்தது. கரண்ட் போய் வந்து மறுபடி கிளம்பியதிலிருந்து, திரைக்கு வர வேண்டியதெல்லாம் கேபிளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆபீஸ் பையிலிருந்த கேபிளை எடுத்துக் கம்ப்யூட்டரை லேப்டாப்போடு இணைத்தேன். ஒரே ஒரு வரி வந்தது. கடவுச்சொல்லைக் கேட்டு, நேற்றிலிருந்து எனக்காகக் காத்திருந்தது. அடித்தேன். திறந்தது. திங்கட்கிழமை எழுதிய வரியை அழித்தேன். ஒரு வீடியோகூடப் போகவில்லை.

டாக்டர் பார்த்தார், மருந்தை மாற்றினார். இரண்டு மாதமாக வலிப்பு இல்லை. ஆண்டவருக்கு நன்றி. தவறாக எழுதிய சீட்டையும் அவர் சரியாகவே வாசிக்கிறார். உங்கள் சீட்டையும் தயங்காமல் போடுங்கள்.

ஆனால் கடவுச்சொல் கொடுக்கும்வரை அந்த மெஷினால் எதையும் ஒலிக்கச் செய்ய முடியாது. அது என் தொழில், எனக்குத் தெரியும். பிறகு எல்லா ஃபைல்களையும் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பதிவே இல்லை. ஜெனி ஒருநாளும் முழு வாக்கியம் பேசியதில்லை. இன்னும் பேசவில்லை.

தினமும் அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குரல் மறுபடி வருமா என்று ஸ்பீக்கர் முன்னால் உட்காருகிறேன். இது விசுவாசமா, பயமா என்று தெரியவில்லை. பிள்ளை வளர்த்த சகோதரிகளே, சொல்லுங்கள். இன்னும் உட்காரட்டுமா, எழுந்துவிடட்டுமா?