கைராசிக்காரியின் காந்தம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முப்பத்து மூன்று வயதாகியும் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாது. எதற்காவது காத்திருக்க வேண்டுமென்றால், கழுவி வைத்த குடுவையை மறுபடி கழுவுவாள். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்பி ஓடுவாள். "நீ சும்மா இருந்தாலே வீட்ல பாதி வேலை குறையும்" என்பார் கணவர்.

ஆறு வருடமாக அவள் மல்லுக்கட்டியது இண்டோலோடு. துளியூண்டு இருந்தால் மல்லிகை வாசம். கொஞ்சம் கூடினால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும். அப்படியொரு மூலக்கூறு. அதில் புதிதாக எதையாவது ஒட்டவைக்கப் போனால், மூன்றாம் எண் கார்பன் முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்து நிற்கும். அவளுக்கு வேண்டியதோ பக்கத்திலிருக்கும் இரண்டாம் எண். பல்லேடியம் என்ற அரிய உலோகத்தை வினையூக்கியாகப் போட்டால் அந்த இரண்டாம் எண் வழிக்கு வரும். அதையே சாதாரண இரும்பை வைத்துச் சாதிப்பதுதான் அவளுடைய ஆய்வு. போன வருடம் சாதித்துவிட்டாள். நூற்றுக்கு எண்பது பங்கு, சரியான இடத்தில். ஆய்வு வழிகாட்டியான கைடுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வருகிற வியாழக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. எதிர் மேசைக்காரர் செய்தால் மட்டும் வரவில்லை. அவரும் ஆராய்ச்சி மாணவர்தான். வாயைத் திறந்து பேசவே மாட்டார் என்பதால் மௌனச்சாமி என்று பெயர். எந்த முடிவையும் வெளியே அனுப்புமுன் இன்னொருவர் செய்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதே இரும்பு, அதே சூடு, அதே நேரம் என்று மூன்று மாதத்தில் பதினொரு முறை செய்தார் மனிதர். பதினொரு முறையும் பூஜ்யம். பம்பரம் போய்ச் செய்தால் வந்துவிடும்.

"அவளுக்குக் கைராசி. உனக்குக் கை சரியில்லப்பா" என்றார் கைடு, எல்லோர் முன்னாலும். மௌனச்சாமியின் கையிலிருந்த வேறொரு நல்ல ஆய்வையும் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தார். பம்பரம் அப்போது சிரித்தாள். கைராசிக்காரி என்றால் யாருக்குக் கசக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை குடுவை கழுவும்போது அவளுடைய கலக்கும் காந்தம் கையில் அகப்பட்டது. அரை விரல் நீளம், மேலே வெள்ளைப் பூச்சு, குடுவைக்குள் சுழன்று கலக்கிவிடுகிற துண்டு. மற்றவர்கள் பொது டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அவள் மட்டும் முதல் வருடத்திலிருந்து இந்த ஒன்றையே பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். யாரையும் தொட விடமாட்டாள். பூச்சில் கீறல்கள். கீறலுக்குள் கறுப்பாக ஏதோ. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. முதல் வருடம் முழுக்க இதைப் போட்டுத்தான் பல்லேடியத்தில் வேலை செய்திருந்தாள். அந்தக் கறுப்பு பல்லேடியமாக இருந்தால், வேலை செய்தது இரும்பே இல்லை.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கையில். ஆனால் அவள் என்றைக்குச் சும்மா இருந்தாள்?

இரண்டு குடுவை வைத்தாள். ஒன்றில் இரும்பு, புதுக் காந்தம். மற்றதில் இரும்பே கிடையாது. பழைய காந்தம் மட்டும். நான்கு மணி நேரம் ஆக வேண்டும். மேசையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், படியில் மூன்று முறை இறங்கி ஏறினாள். கணவர் போனில் வந்தார்.

"வியாழக்கிழமைக்கு லீவு போட்டுட்டேன். அக்காவும் வர்றாங்களாம்."

"கொஞ்சம் பொறுங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அடுப்ப அணைச்சேனான்னு மட்டும் போய்ப் பாருங்க."

நேரம் ஆனதும் இரண்டிலிருந்தும் ஒரு பொட்டு எடுத்துத் தட்டில் வைத்து, புற ஊதா விளக்கின் கீழே பிடித்தாள். இரும்பு போட்ட குடுவையில் இண்டோல் போட்டது போட்டபடி கிடந்தது. இரும்பே இல்லாததில் புதிய பொருள் உண்டாகி நீலமாக மின்னியது. ஒரு வருடமாக இரும்பு ஒரு வேலையும் செய்யவில்லை. எல்லாம் அந்தக் கீறலில் ஒட்டிய பல்லேடியம்.

தட்டைக் கைடின் அறைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"ஆறு வருஷம்மா. வியாழக்கிழமைக்கு அப்புறம் பாத்துக்கலாமே."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தாள். மௌனச்சாமி தராசின் முன்னால் குனிந்து, பன்னிரண்டாவது முறைக்காக இரும்பை நிறுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் உள்ளங்கையில் காந்தத்தை வைத்தாள்.

"இரும்பே வேண்டாம். இத மட்டும் போட்டுப் பண்ணிப் பாருங்க, வரும். பல்லேடியம் இதுலதான் ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. தப்பு என்னோடது" என்றாள், ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி.

கைடு கதவருகே வந்து நின்றார். மௌனச்சாமி காந்தத்தை மேசையில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார்.