தொட்டிலோடு எழும்பிய விட்டம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும், ஆழ்வார்குறிச்சியில் உள்ள எங்கள் ஓலை வீட்டுக்குத் தகரக் கூரை போட்டே தீர வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

கூரை போட வந்த கொத்தனார், "ஓலைன்னா காத்து நடுவுல புகுந்து போயிரும். தகரம் விடாது. விட்டத்தைக் கம்பி வச்சு சுவரோட இழுத்துக் கட்டணும்மா" என்றார்.

"இவ்வளவு கனமான தகரம் எங்கன பறக்கும் அண்ணாச்சி? சும்மா வேலையை இழுக்காதீங்க" என்றேன்.

"படிச்ச புள்ள சொல்லியாச்சு. காத்து கேட்டுக்கிடும்" என்று சிரித்தபடி விட்டத்தில் தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்.

ஆனி மாதம். ஒரு மத்தியானம் மலைக்காற்று பேயாக வீசியது. அக்காவின் மூன்று மாத மகன், விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். தகரம் படபடவென்று அடித்தது. திடீரென்று விட்டமே சுவரை விட்டு எழும்பியது. இடுப்பளவில் தொங்கிய தொட்டில் என் தலைக்கு மேலே போய்விட்டது.

"ஏட்டி, எம்புள்ள! எம்புள்ளயப் பிடிட்டீ!" என்று அக்கா அலறினாள். எம்பி எம்பிப் பார்த்தேன். கை எட்டவில்லை. நானே அவனைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காற்று ஒரு கணம் தணிந்தது. விட்டம் 'மடார்' என்று சுவரில் வந்து விழுந்தது. குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினோம். அடுத்த வீச்சில் கூரை முழுவதும் வயலில் போய் விழுந்தது.

இப்போது எங்கள் விட்டத்தின் இரு முனையும் இரும்புக் கம்பியால் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறது. தெருவில் யார் தகரம் போட்டாலும் நானே ஏணியில் ஏறி, கம்பிக் கட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

"வந்துட்டா பன்னெண்டாங் கிளாசு!" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பார்க்காமல் நான் இறங்குவதில்லை.