வீரலட்சுமிக்கு வராத நோய்

சுடலைமுத்து அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சத்தத்தை வைத்தே எங்கள் கம்பெனியில் ஆளைச் சொல்லிவிடலாம். வளைவுக்கு வளைவு ஹாரன். ஹாரனுக்கு நடுவில் யாரையாவது ஒரு கிண்டல். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூர்க்காரராகவே ஆகிவிட்டவர். மத்திகிரியில் நாங்கள் இருக்கிற காம்பவுண்டில் கீழ்வீடு அவருக்கு, மேல்வீடு எனக்கு. கல்லாவி பக்கம் எங்கள் குடும்பத்தில் பி.இ. முடித்த முதல் ஆள் நான். எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் என்னைவிட அதிகம் பேரிடம் அதைச் சொன்னவர் அவர்தான். டீக்கடையில் யார் நின்றாலும், "நம்ம இஞ்சினியர் தம்பி, பாத்துக்கிடுங்க" என்பார்.

வீட்டில் அவரும் வீரலட்சுமி அக்காவும்தான். மகளை கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் பவுனு. மஞ்சள் பூனை. கம்பெனிக்கு வந்த மரப்பெட்டி ஒன்றுக்குள் கண் திறக்காமல் கிடந்ததை, சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்து பதினாலு வருடம் ஆகிறது. "அது அவ வளக்குத பூனை" என்று வெளியில் சொல்வார். மீனில் முள் எடுத்து ஊட்டுகிறவர் இவர்தான்.

போன மழைக்காலத்தில் பவுனு இளைக்க ஆரம்பித்தது. குளியலறை வாளியில் தலையை விட்டு ஓயாமல் தண்ணீர் குடித்தது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டைப்பையில் துண்டு விரித்து அதை உட்கார வைத்து, என் பைக்கில் கிளினிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு கிட்னியும் முக்கால்வாசி போயிடுச்சுங்க. சரியாகாது. தினம் சாயங்காலம் தோலுக்கடியில சலைன் ஏத்தினா வாந்தி இல்லாம, கொஞ்சம் சாப்பிட்டுக்கிட்டு, சில மாசம் இருக்கும்."

"மனுசருக்கு வார சீக்கெல்லாம் இதுக்குமா வரும்?"

"வயசானா வரும்."

எப்படி ஊசி குத்துவது என்று டாக்டரம்மாவே செய்து காட்டினார். தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அதற்குள் குத்தவேண்டும். அண்ணன் முதல் தடவையே சரியாகக் குத்தினார். வெளியே வந்தபிறகு பைக்கில் ஏறாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கண்ணுல தூசி தம்பி" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

ஒருவர் பூனையைப் பிடிக்கவேண்டும், ஒருவர் குத்தவேண்டும். அக்காவுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கமட்டும் சம்மதித்தார். எனக்கு ஞாயிறு தவிர மற்ற நாள் வீடு திரும்பவே இருட்டிவிடும். ஆக, சாயங்காலம் அண்ணன் வீட்டில் இருந்தாக வேண்டும். ஏ ஷிஃப்ட் என்றால் பிரச்சனை இல்லை, ரெண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். அப்போது தொடங்கி ராத்திரிவரை போகிற பி ஷிஃப்ட் வாரத்தில்தான் சிக்கல். எங்கள் பிளாண்டில் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு இரண்டு பேர்தான், வாரம் மாற்றி வாரம். ஆள் ஒத்துக்கொண்டால் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளலாம், சூப்பர்வைசர் திம்மராயன் தடுக்கமாட்டார்.

அந்த இன்னொரு ஆள் ஆனந்த். வேப்பனப்பள்ளிப் பையன், அதிகம் பேசமாட்டான். அதற்கு முந்தின வருடம் அவன் நாய்க்கு உடம்பு முடியவில்லை என்று லீவு கேட்டிருந்தான். கேண்டீனில் தட்டோடு நின்றுகொண்டு அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நாய்க்கு லீவாடே? அடுத்து என்ன, கோழிக்கு வயித்துவலியா?" என்றார். கேண்டீனே சிரித்தது. நாய் செத்துப்போனது. அதற்கப்புறமும் பல நாள் பையன்கள் அவனைப் பார்த்து, "கோழி எப்டி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவனிடம் போய் பூனைக்காக ஷிஃப்ட் கேட்கவேண்டும். பேட்டரி சார்ஜ் போடுகிற இடத்தில் வைத்துத்தான் கேட்டாராம். எல்லாம் வெளியே வந்தபிறகு அவரே எனக்குச் சொன்னது இது.

"ஆனந்து, கொஞ்ச நாளைக்கு நான் ஏ ஷிஃப்ட்லயே இருந்துக்கிடட்டா? வீட்டுல சொகமில்ல. கிட்னி போயிட்டுன்னு சொல்லிட்டாவ."

"யாருக்குண்ணா? அக்காவுக்கா?"

அப்போதே, "இல்ல, பூனைக்கு" என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டார்.

ஆனந்த் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான். "எங்கப்பா அதுலதான்ணா போனாரு. நீ ஒண்ணும் யோசன பண்ணாத. பி ஷிஃப்ட் நான் பாத்துக்கறேன், எத்தினி மாசம் ஆனாலும் சரி."

அப்புறம் அதை எப்படி மாற்றிச் சொல்வது? கம்பெனி முழுக்கப் பரவியது. "அண்ணன் வீட்ல கிட்னி போயிடுச்சாம்" என்று என் காதில் விழுந்ததை, பூனையைத்தான் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவருக்கு முன்சீட்டு விட்டார்கள். திம்மராயன் தோளில் கைபோட்டு, "தைரியமா இருப்பா" என்றார். அண்ணனின் ஹாரன் சத்தம் குறைந்தது, கிண்டல் நின்றுபோனது. பவுனுவை நினைத்துத்தான் இப்படி ஆகிவிட்டார் என்று நான் நினைத்தேன். ஞாயிறுதோறும் நான் பூனையைப் பிடிக்க, அவர் குத்துவார். ஜன்னல் கம்பியில் சலைன் பை தொங்கும். அது இறங்கி முடிகிறவரை பவுனுவின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில், "அண்ணா" என்று குரல். ஆனந்த். கூடவே அவன் அம்மா, கையில் ஒரு துணிப்பை. அண்ணன் சலைன் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க முடியாது. அக்கா அடுப்படியிலிருந்து ஆட்டுக்கல் மாவுக் கையோடு வந்து, "வாங்க, வாங்க" என்றார்.

ஆனந்தின் அம்மா அக்காவை உட்காரவைத்து, யாரும் எதிர்பார்க்காமல் குனிந்து, அக்காவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "வீக்கம் இல்லம்மா, சாமி புண்ணியம். எங்க வீட்டுக்காரருக்கு அமுக்குனா குழி உழும்." பையைத் திறந்து சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தார். "இது அவரு தண்ணி குடிச்சது. ஒரு நாளைக்கு இதுல இவ்ளோதான்னு அளந்து குடிக்கணும். நாக்கு வறண்டா ஐஸ் துண்டு வெச்சிக்க. டயாலிசிஸுக்கு எங்கம்மா போறீங்க?"

அக்கா காலை இழுத்துக்கொண்டார். "எனக்கா? எனக்கு என்னத்துக்கு டயாலிசிஸ்? சீக்கு அந்தப் பூனைக்கில்ல!"

ஆனந்த் ஜன்னல் கம்பியைப் பார்த்தான். சலைன் பையைப் பார்த்தான். குழாய் வழியாக அவன் பார்வை கீழே இறங்கி, பூனையில் வந்து நின்றது. அண்ணன் தலை நிமிரவில்லை.

"ஆனந்து... நான் சொல்லிருக்கணும்டே..."

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. சத்தம் போடவில்லை. "பூனைக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொண்டாட்டிக்குன்னு சொல்ல வெக்கமா இல்ல, என்ன?" என்றார். பிறகு ஆனந்தின் அம்மா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கிடுங்கம்மா" என்றார். மன்னிப்புக் கேட்கவேண்டியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா டம்ளரை முந்தானையால் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை. பைக்குள் வைத்துக்கொண்டு, "பூனையாவது நல்லா இருக்கட்டும்" என்று எழுந்தார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் பிடித்திருந்த பவுனு வலியில்லாமல், பாதிக் கண் மூடிக் கிடந்தது.

மறுநாள் ஏ ஷிஃப்ட் முடிந்தும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பி ஷிஃப்ட் தொடங்கும்முன் எல்லோரும் வரிசையில் நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுப்பார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் போய் நின்றார். உறுதிமொழி முடிந்ததும் திம்மராயன் வழக்கம்போல், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். யாரும் எதுவும் சொல்கிற வழக்கம் இல்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் அண்ணன். "எம் பொண்டாட்டி நல்லா இருக்கா. கிட்னி போனது எங்க வீட்டுப் பூனைக்கு. ஆனந்த்கிட்ட பொய் சொல்லி ஷிஃப்ட் வாங்குனேன். நாய்க்காக அவன் லீவு கேட்டப்போ இதே வாயாலதான் சிரிச்சேன். இன்னைலருந்து பி ஷிஃப்ட் நானே பாக்கேன்."

பின்வரிசையில் யாரோ "மியாவ்" என்றான். சிரிப்பு வெடித்தது. அண்ணன் காது வரை சிவந்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சிரிப்பு அடங்கும்வரை நின்றார். ஆனந்த் சிரிக்கவில்லை. முன்னால் வந்து ஃபோர்க்லிஃப்ட் சாவியை எடுத்துக்கொண்டான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அதுக்கு ஊசி போடற டைம் ஆவுது" என்றான்.

அதோடு பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தை பிறக்கிறவரைக்கும் பவுனு இருந்தது. கடைசி வரை வாந்தி இல்லை. மத்தி மீன் கேட்டுக் கத்துகிற அளவுக்கு ஒரு வாரம் தெம்புகூட வந்தது. ஆனந்த் ஒரு நாள்கூட ஷிஃப்ட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அண்ணனோடு பேசாமல் இருந்த அக்கா பேச ஆரம்பித்தார், முதலில் பூனையைப் பற்றி, பிறகு மற்றதையும்.

பவுனுவைக் காம்பவுண்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு, அண்ணன் கம்பெனிக்கு வந்து ஆனந்திடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அது போயிட்டுடே. இனி பழையபடி வாரம் மாத்திக்கிடலாம்."

"சரிங்க சார்" என்றான் ஆனந்த்.

அவன் போனபிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு மீட்டிங்லருந்தே இப்படித்தான் தம்பி. ஏழு வருசமா அண்ணன்னு கூப்பிட்ட பய. இப்ப சார்ங்கான்" என்றார்.