ஜன்னல் பலகைக்கு இருபத்தொரு நாள்

ஜன்னலை மறைக்கிற பலகை ஒன்றைக் கடைக்காரர் கையில் கொடுத்ததும் முதல் வேலையாக அதை முகர்ந்து பார்த்தேன். தேக்கு நிறம், தேக்கு ரேகை, நடுவில் ஒரு கணு வேறு. ஆனால் வாசனை புது மழைக்கோட்டு வாசனை. வண்ணாரப்பேட்டையில் திரைச்சீலை, மிதியடி எல்லாம் விற்கிற கடை அது. கடைக்காரர் தெற்கத்திக்காரர், இங்கே வந்து பல வருஷமாகியும் பேச்சு மாறாதவர்.

"இது மரமில்லம்மா, மரம் மாதிரி. எல்லாம் பிளாஸ்டிக்கு. கடக்காத்துக்கு நெச மரம் தாங்காது பாத்துக்கிடுங்க" என்றார்.

"தாங்காதுன்னு யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரன் சொன்னாம்மா."

கம்பெனிக்காரன் சொன்னதை நம்பினால் எனக்குச் சோறு கிடையாது. எண்ணூர் பக்கம் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வர்ணம் பூசிய தகட்டைப் பெட்டிக்குள் வைத்து, உப்புத்தண்ணீரைப் புகை மாதிரி அதன்மேல் தெளித்துக்கொண்டே இருப்போம். எத்தனையாவது நாளில் கொப்புளம் வருகிறது, எந்த ஓரத்தில் துரு கிளம்புகிறது என்று பார்த்து எழுதுவதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடாது. புது வாளி வாங்கினால்கூட இரண்டு நாள் வெயிலில் வைத்துப் பார்க்கிற ஆள் நான்.

ஜன்னலுக்குப் பலகை தேடக் காரணம் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கன்டெய்னரைத் தூக்கி லாரியில் இறக்குகிற வேலை. அதை அவர்கள் பெட்டி என்பார்கள். ஒருநாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, "கேபின்ல கண்ணு சொக்கிடுச்சிமே" என்றார்.

"ஐயையோ, இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. பகல்ல வூட்ல தூங்க முடியல. வெளிச்சம் கண்ணக் குத்துது, நான் இன்னா பண்ணுவேன்?"

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒரு லாரி அளவுப் பெட்டி அந்தரத்தில் தொங்க, கீழே ஆட்கள் நடமாட, ஓட்டுகிறவர் கண் சொக்கினால் என்ன ஆகும்? அவர் தூங்கியாக வேண்டும். அதற்கு எங்கள் திருவொற்றியூர் வீட்டின் கிழக்குப் பார்த்த படுக்கையறை இருட்டாக வேண்டும். கணக்கு எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

துணித்திரை ஏற்கெனவே போட்டுப் பார்த்தாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் காற்றில் வருகிற கறுப்புத் தூசி அதில் ஏறி, ஒரு வாரத்தில் தட்டினால் தும்மல். ஜன்னலை அடைத்தால் புழுக்கம். கயிற்றில் வரிசையாகக் கோத்த மெல்லிய பலகைகள் என்றால் சாய்த்து இருட்டாக்கலாம், இடுக்கில் காற்றும் வரும், ஈரத்துணியால் துடைத்தும் விடலாம். அதனால் கடைக்காரரிடம் போலி மரம், நிஜ மரம், அலுமினியம் மூன்றிலும் ஒவ்வொரு துண்டு கேட்டேன்.

"மூணும் எதுக்கும்மா?"

"உப்புல போட்டுப் பாக்கத்தான்."

மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையெழுத்து என்று கொடுத்தார்.

எங்கள் மேலாளரிடம் கெஞ்சி, உப்புப் பெட்டியின் மூலையில் மூன்று துண்டுகளுக்கும் இடம் வாங்கினேன். இருபத்தொரு நாள். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய் எட்டிப் பார்ப்பேன். நிஜ மரத்தின் ஓரம் ஒரு வாரத்தில் ஊறிப் பிளந்தது. அலுமினியத்தை வெட்டிய இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் மெல்ல எழும்பியது. போலி மட்டும் துடைத்தால் கடைக்குத் திரும்பக் கொடுக்கலாம் போல இருந்தது. வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. சீவிய துணுக்குகளுக்குத் தீக்குச்சி காட்டினேன். மரம் சட்டென்று பிடித்தது. போலி கருகி மூக்கை எரித்தது, குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டது. இன்னொரு நாள் கடைக்கே போய் ஒரு கட்டுப் பலகையைப் பரப்பி ரேகைகளை ஒப்பிட்டேன். அதே கணு திரும்பத் திரும்ப வந்தது. எங்கேயோ ஒரு நிஜ மரத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள். அது எந்தக் காட்டு மரமோ, அதன் கணு இப்போது எத்தனை வீட்டு ஜன்னலில் தொங்குகிறதோ என்று ரெண்டு நாள் அதே யோசனை.

அந்த மூன்று வாரமும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். பகலில் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பார். நான் வேலை முடிந்து வரும்போது கண் சிவந்து, டீயும் கையுமாக உட்கார்ந்திருப்பார். "இன்னும் ஆறே நாள், முடிவு தெரிஞ்சிரும்" என்பேன். "சரிமே" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இருபத்திரண்டாம் நாள் போலி மரத்துக்கே ஆர்டர் கொடுத்தேன். துருப்பிடிக்காத திருகுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். கடையிலிருந்து ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை அவர் ஷிப்ட் முடிந்து வந்து படுத்ததும், புதுப்பெண்ணுக்குத் தாலி கட்டுகிற பதற்றத்தோடு ஓரத்தில் தொங்கிய கோலைத் திருப்பிப் பலகைகளை மூடினேன்.

அறை இருண்டது. ஆனால் முழுதாக இல்லை. கயிறு போவதற்குப் பலகைக்குப் பலகை ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக வந்து அவர் நெற்றியிலிருந்து நெஞ்சு வரை வரிசையாக விழுந்தது. உப்பு பார்த்தேன், தீ பார்த்தேன், கணு எண்ணினேன். இருட்டாகுமா என்று மட்டும் பார்க்கவில்லை. என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

"கறுப்பு டேப்பு ஒட்டிர்றேன்யா. அஞ்சே நிமிஷம்" என்று எழுந்தேன்.

அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். "வேணாம்மே. தூக்கம் வராதது வெளிச்சத்தால இல்ல."

"பின்ன இன்னா?"

மூன்று வாரத்தில் ஜன்னலைப் பற்றி இல்லாமல் நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது. கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அத்தத் தொற. உன் மூஞ்சி தெரியல" என்றார். திறந்தேன். வெயில் உள்ளே வந்தது.

"அன்னிக்கிக் கண்ணு சொக்குச்சின்னேன்ல? முழிச்சப்ப பெட்டி எறங்கிகினு கீது. லீவர்லேந்து கைய எட்த்தேன், நின்னுச்சி. நேர் கீய ஒருத்தன் நிக்கிறான். ஒரு ஆள் ஒசரம்தான் பாக்கி."

"ஐயோ..."

"அவன் மேல பாத்தாம்மே. அவனுக்கோசரம்தான் நிறுத்துனேன்னு நென்ச்சிகினு, கும்புட்டுப் போனான். கண்ண மூட்னா அவன் கும்புட்றான்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று பயமாம்; சொல்லாமல் தினமும் மேலே ஏறவும் பயமாம். இறக்கினால் இறக்கட்டும், நானும் கூட வருகிறேன், மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லலாம் என்றேன். இன்றைக்கேவா என்றார். இன்றைக்கே என்றேன். பிறகு அந்த ஆள் எப்படி இருந்தான், என்ன வயசு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் போக வேண்டிய பஸ் எப்போதோ போய்விட்டது.

ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். குனிந்து பார்த்தால் வாய் லேசாகத் திறந்து, குறட்டை. பலகைகள் எல்லாம் திறந்தே கிடந்தன. மூடலாம் என்று எழப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கியிருந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.