பூபதியின் ரெண்டு டிரைவ்

பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் ஆல்வின். என் கடையின் பின்பக்கம் ஒரு தடுப்புப் போட்டு, அதற்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவன் பூபதி. கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் படகில் ஏற்றினால் கரை மறைவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். அவனுடைய நைனா திட்டித் திட்டி ஓய்ந்துபோய், கடைசியில் ஒரு கும்பிடு போட்டு விட்டுவிட்டார். கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கப் போனவன், பிறகு கேமராவே பிடித்தான். தோணிரேவிலிருந்து எளாவூர் வரைக்கும் கல்யாணம், மஞ்சள் நீர், அம்மன் திருவிழா, சாவு எதுவானாலும் பூபதிதான். வேலையில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோ உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பாட்டுதான். ஒரு ஆள் பேசுகிற சத்தம் கேட்டாலும், "இன்னாடா, வேலய முடிக்காம அரைகொறையா குடுத்துட்ட?"னு திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அதனால் மாப்பிள்ளை சிரிப்பான், மாமியார் அழுவாள், எல்லாருக்கும் வாய் மட்டும் அசையும்.

பூபதியின் அண்ணன் ரஞ்சித்துக்கும் தோணிரேவு வைஷ்ணவிக்கும் கல்யாணம் நடந்தபோது, சொந்த அண்ணன் என்பதால் மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு சின்ன மைக் மாட்டிவிட்டான் பூபதி. மாலை மாற்றும்போது ரஞ்சித் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். மேளச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையை ஆட்டி வைத்தாள். அப்புறம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவன் சொல்லவே இல்லை. "வீடியோ வரும்ல, அதுல கேட்டுக்க" என்று வம்பு பண்ணுவான்.

வீடியோ வந்தது. அந்த இடத்தில் பாட்டு ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். "எடிட் பண்ணாதது எங்கிட்ட பத்திரமா கீது அண்ணி, எடுத்துத் தரேன்" என்றான் பூபதி. அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்குக் காரணமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் புது லேப்டாப் வாங்கினான். பழையது ஒரு திருவிழா வீடியோவைத் திறப்பதற்குள் எங்களுக்கு டீ ஆறிவிடும். சென்னை ரிச்சி தெருவுக்கு நானும் கூடப் போனேன். பெரிய வேலை தாங்குகிற லேப்டாப் ஒன்றைக் கடைக்காரர் திருப்பி, அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். சூயிங்கம் பட்டை அளவில் ரெண்டு டிரைவ் போட இடம் இருந்தது.

"ரெண்டையும் சேத்து ஒரே டிரைவ் மாதிரி கட்டிடவா, இல்ல ஒண்ணுல போடறது இன்னொண்ணுலயும் நகலா விழட்டுமா? சேத்துக் கட்டுனா வேகம். நகல்னா பத்திரம்" என்று கேட்டார்.

"நகல்னா ரெண்டாவது இன்னா வேல செய்யும்?" என்றான் பூபதி.

"வேலைன்னு ஒண்ணும் இல்ல தம்பி. மொதல் டிரைவ் செத்தா அது இருக்கும்."

பூபதி என்னைப் பார்த்து இளித்தான். ஏரியில் சுத்து வலைக்கு ரெண்டு படகு போகும். ஆளுக்கு ஒரு தலைப்பைப் பிடித்து வளைப்பார்கள். ஒரு படகு வலை இழுக்க, இன்னொன்று கரையில் சும்மா கிடந்து பார்த்துக்கொண்டிருந்தால் எங்கள் ஊரில் காறித் துப்புவார்கள். கடலுக்கே போகாத பூபதிக்கு ரத்தத்தில் இருந்தது இது ஒன்றுதான். "சும்மா கெடக்கறதுக்கு எதுக்கு அண்ணே ஒண்ணு? ரெண்டும் இழுக்கட்டும், சேத்தே கட்டுங்க" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளியே தனியாக ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். சரி என்றான்.

லேப்டாப் பறந்தது. பழைய டிஸ்க்குகளில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, அவற்றைத் துடைத்து அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு எடுத்துக்கொண்டான். ஐப்பசியில் முகத்துவாரத்தில் அலை அடித்து ரஞ்சித் போன படகு கவிழ்ந்தது. கூடப் போன மாரி நீந்தி வந்தான். ரஞ்சித்தை மறுநாள் எடுத்து வந்தார்கள். ஊரில் எல்லார் சாவையும் படம் பிடித்த பூபதி அன்றைக்குக் கேமராவைத் தொடவில்லை.

பொங்கல் கழிந்து வைஷ்ணவி கடைக்கு வந்தாள். "தம்பி, அந்தப் பாட்டு போடாத வீடியோ. அவரு இன்னா சொன்னாருனு கேக்கணும்" என்றாள். வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

"நாளைக்குத் தரேன் அண்ணி" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். அவள் போனதும் நான் அவனை அசிங்கமாகத் திட்டினேன். பெண்ணை இப்படி அலைக்கழிப்பாயா என்று கேட்டேன்.

"போட்டா அவன் பேசுவான் மச்சான். பேசி முடிச்சதும் இன்னொரு தபா செத்துடுவான். என்னால முடியல" என்றான்.

ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தான். கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கிலம் வந்து நின்றது. உப்புக் காற்றா, கரண்ட் போய்ப்போய் வந்ததா, யாருக்குத் தெரியும். போனதைத் திரும்ப எடுத்துத் தருகிற இடம் சென்னையில் இருக்கிறதென்று தூக்கிக்கொண்டு ஓடினோம். சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு டிரைவ் அடியோடு போய்விட்டது, இன்னொன்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சேர்த்துக் கட்டியதால் ஒவ்வொரு வீடியோவும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு மாறி மாறி ரெண்டிலும் கிடக்கிறது. நல்ல டிரைவில் இருப்பவை துண்டுகள் மட்டும்தான், அவற்றிலிருந்து எதையும் ஓட்ட முடியாது. வெளி டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டார். பூபதியிடம் இல்லை. வாங்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தான், பாவி.

வரும்போது பஸ்ஸில் ரெண்டு டிரைவையும் ஒரு கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். ஒரு மனுஷன் பெண்டாட்டி காதில் சொன்ன ஒரே ஒரு பேச்சு, அதைக்கூடக் காப்பாற்றி வைக்க எங்களுக்குத் துப்பில்லை.

மறுநாள் அவள் வந்தபோது மறைக்காமல் சொல்லிவிட்டான். சொல்லி முடித்ததும் அழுதான். அவள் அழவில்லை. கவரிலிருந்த ரெண்டு டிரைவையும் எடுத்துப் பார்த்தாள்.

"இதுல எது நல்லா கீது?"

காட்டினான்.

"அப்ப பாதி கீதுல்ல? அத்தப் போடு. பாதிப் பேச்சு போதும் எனக்கு."

பூபதி என்னைப் பார்த்தான். பிடித்த மீனை ரெண்டு படகும் பிரித்தால் பாதிப் பங்கு பாதியாவது இருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவளிடம், இந்தப் பாதி ஒன்றுமே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நானும் சொல்லவில்லை. அவன் அந்த நல்ல டிரைவை ஒயர் வைத்த ஒரு சின்னக் கூட்டில் மாட்டி, என் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்விக் கட்டம் வந்தது.

"இன்னா கேக்குது?" என்றாள்.

பூபதி அதைப் படித்தான். "இதுல இருக்கறத அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கவானு கேக்குது அண்ணி."

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேணாம்னு சொல்லு" என்றாள்.