காரமில்லாத வெற்றிலை

யுத்த காலத்தில் கரியில் ஓடிய நாமக்கல் பஸ்ஸில் என்னருகே உட்கார்ந்திருந்தவர், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். காவியேறிய பற்கள். மடியிலிருந்த வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாரே தவிர, ஒன்றையும் வாயில் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“செத்துப்போன எம்பட புள்ள கனாவுல வருவாளுங்க. கனாவுல வெத்தலைக்குக் காரம் இருக்காது. மென்னு பார்த்தே கனான்னு கண்டுபுடிக்கப் பழகுனேன். தெரிஞ்சா, நெனச்சதையெல்லாம் பேசிக்கலாம்னு ஆசை.”

“பேசுனீங்களா?”

“தெரிஞ்சதும் அழுதுட்டேனுங்க. ‘ஏனுங்கப்பா அழுவறீங்க’ன்னு கேட்டா. அவ செத்தது அவளுக்குத் தெரியலீங்க. நான் என்னன்னு சொல்ல? அன்னைக்கே வெத்தலைய உட்டுட்டேன். பழக்கம் இருந்தா கனாவுலயும் கை தானா வாய்க்குப் போவுதுங்க, கனான்னு தெரிஞ்சுபோவுதுங்க.”

இறங்கும்போது எனக்கொரு வெற்றிலை கொடுத்தார். வீடு போய்ச் சேரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். வாயில் போட மனம் வரவில்லை.