பிளஸ் ஒன் மார்க்கும் சேரும்

"ஏய் சதீசு, காலேஜுல சேர்க்கும்போது பிளஸ் ஒன் மார்க்கையும் பார்ப்பாங்களா?"

பள்ளிக்கூட ஜீப்புக்குக் காத்து நின்றபோது இந்து கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

இந்து என் வகுப்புத் தோழி. கேரள மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாவது வீடு அவளுடையது. எர்ணாகுளத்தில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்க ஆசைப்பட்டாள். பிளஸ் ஒன் பரீட்சைக்கு முன்பு அவள் அம்மா அழகுத்தாய் கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து கால் ஒடிந்தது. நாற்பது நாள் இந்து அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டினாள், சோறாக்கினாள். கணக்கிலும் பிசிக்ஸிலும் பாதி மார்க்தான்.

தமிழ்நாட்டுப் போடியிலிருந்து வந்த இந்துவின் மாமா வேல்முருகன் சிரித்தார். "பிளஸ் ஒன்னு எதுக்கு தாயி? எங்க வீட்டுப் பயலுக்கு பிளஸ் டூவ மட்டுந்தான் பார்த்தாங்க."

குறைந்த பாடங்களைத் திரும்ப எழுத இம்ப்ரூவ்மென்ட் பரீட்சை உண்டு. யார் எழுதுகிறீர்கள் என்று எங்கள் வகுப்பாசிரியர் சிஜு சார் கேட்டபோது, மாமாவை நம்பி இந்து கை தூக்கவில்லை. அவள் மார்க் அவர் மேசையில்தான் இருந்தது. ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து டீச்சரிடம், "லயத்துப் பிள்ளைங்க பாஸானாப் போதும்" என்றார். முன்பெஞ்சில் இருந்த என் காதில் விழுந்தது.

பிளஸ் டூ பரீட்சையை அவள் வெளுத்து வாங்கினாள். ரிசல்ட்டில் அந்த இரண்டு பாடமும் கீழே கிடந்தன. தப்பு நடந்துவிட்டது என்று பள்ளி அலுவலகத்துக்கு ஓடினோம்.

"தப்பொண்ணும் இல்ல மோளே," என்றார் கிளார்க் அன்னமேரி. "ரெண்டு வருஷமும் கூட்டித்தான் போடும். இனி மாத்த முடியாது."

கல்லூரியின் கடைசிப் பட்டியலிலும் அவள் பெயர் வரவில்லை.

"நான் பொய்யா சொன்னேன்? எங்க ஊர்ல அப்படித்தான்," என்றார் மாமா.

"உங்க ஊர்ச் சட்டம் போடிமெட்டு எல்லை செக்போஸ்ட்டுலயே எறங்கிருச்சு மாமா," என்றாள் இந்து.

மாமா மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்தும் வாயைத் திறக்காத சார் மேல்தான். பந்து விளையாடியவனுக்குத் தனி மார்க் உண்டு. அம்மாவைத் தூக்கிச் சுமந்தவள் அதை எழுதக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அதன் மேலும்தான் கோபம்.

இந்து இப்போது சாலையோர மசாலாக் கடையில் டூரிஸ்டுகளுக்கு ஏலக்காய் நிறுத்துக் கொடுக்கிறாள்.

உங்கள் லயத்தில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தால், இன்றைக்கே இந்தக் கதையைச் சொல்லுங்கள். இம்ப்ரூவ்மென்ட்டுக்குக் கை தூக்கச் சொல்லுங்கள். இந்துவின் பெயரையும் சொல்லலாம், அவளிடம் கேட்டுவிட்டேன்.